ஆள் வந்தாச்சா

ஆடுகிற தொட்டிலைக் கண்டால் அவள் முதல் வேலையாக அதைக் கையால் பிடித்து நிறுத்துவாள். வீட்டுக்காரர்களிடம் நல்லா இருக்கீகளா என்று ஒரு வார்த்தை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தொட்டில் நின்றதும் சுற்றியிருப்பவர்களை ஒருமுறை பார்த்து, "யாரு ஆட்டுனது?" என்பாள். நான்தான் என்று யாராவது ஒப்புக்கொண்டால் முகம் தெளிந்துவிடும். காத்தா இருக்கும் என்று யாராவது சொல்லித் தொலைத்தால் போச்சு. கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, தொட்டில் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த தெருவிலும் அதைச் சுற்றியிருந்த நாலைந்து தெருக்களிலும் பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. குளிப்பாட்டுற அக்கா என்றுதான் எல்லாரும் சொல்வோம். பெயர் எனக்குத் தெரியும். அவள் உயிரோடு இருந்தபோதே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது நான் எழுதி என்ன ஆகப்போகிறது? வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரி. அப்போது நாற்பது வயது இருக்கும். முன்னொரு காலத்தில் சுருட்டு சுற்றிப் பிழைத்தவள் என்பது அவள் விரல்களைப் பார்த்தாலே தெரியும். புகையிலைக் கறை நகத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. வலது கால் பெருவிரலில் மெட்டி போட்டது போல ஒரு தழும்பு இருந்தது. அது என்ன என்று கேட்ட ஒருத்திக்கு, கயிறு அறுத்தது என்று மட்டும் சொன்னாளாம்.

எங்கள் ஊரில் தண்ணீருக்குப் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். இரண்டு செம்பு வெந்நீரில் தலை முதல் கால் வரை குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, உடம்பு பிடித்துவிட்டு, பிள்ளையைப் பூ மாதிரி கையில் கொடுப்பாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிப்பாட்டியதற்கு அப்புறம் அவள் செய்ததுதான் பலருக்கும் பிடிக்காது. ஆனாலும் அடுத்த பிள்ளைக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் கைபட்ட பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருந்தன.

அவளிடம் ஒரு சாவிக்கொத்து இருந்தது. குடைப்பாறைப்பட்டியில் பூட்டுச் செய்கிற ஒரு வீட்டில், அளவு தப்பிப்போனதென்று ஒதுக்கிய சாவிகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அந்தக் கொத்தைத் தொட்டில் கொக்கியிலிருந்து ஒரு கயிற்றில் தொங்கவிடுவாள். நேர் கீழே பாயில் பிள்ளையைக் கிடத்துவாள். பழைய வேட்டிக் கரையை நாடா மாதிரிக் கிழித்து, ஒரு முனையைப் பிள்ளையின் கணுக்காலிலும் மறுமுனையைச் சாவிக்கொத்திலும் கட்டுவாள். கட்டிவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சும்மா இருப்பாள்.

அந்தச் சும்மா இருப்பதை முதன்முதலில் நான் கம்பவுண்டர் வீட்டில் பார்த்தேன். வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மூன்று மாதப் பெண் பிள்ளை பாயில் கிடந்தது. இவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிப்பு இல்லை, கோபம் இல்லை, களைப்புக்கூட இல்லை. ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்து, ஊர்ந்து ஊர்ந்து கண்ணோரம் வரை போனது. இமை அசையவில்லை. வலிப்பு ஏதும் வந்துவிட்டதோ என்று, அக்கா, அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். கம்பவுண்டர் பெண்சாதி என் கையைப் பிடித்து இழுத்து, பேசாதே என்று சைகை காட்டினாள்.

பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளையும் ஆட்டுகிற மாதிரிதான், அறுந்து விழுந்த பல்லி வால் துடிக்குமே, அந்த மாதிரி. காலோடு சாவியும் சும்மா கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பிள்ளை காலை நிறுத்தியது. சாவிகள் ஆடி அடங்கி நின்றன. பிள்ளை அவற்றைப் பார்த்தது. வலது காலை ஒரே ஒரு தரம் உதைத்தது. சாவிகள் குலுங்கின. மறுபடி நிறுத்திவிட்டுப் பார்த்தது. மறுபடி ஓர் உதை. மூன்றாவது உதைக்கு முன்பே சாவியைப் பார்த்துச் சிரித்தது. என்ன நடக்கப் போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அதுவரை அந்தப் பாயில் ஒரு சதைப் பொட்டலம் கிடந்தது. இப்போது அதற்குள்ளிருந்து யாரோ எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் முகம் அப்போதுதான் திறந்தது. இரண்டு கையையும் கூப்பி, வெளியூரிலிருந்து வந்த பெரிய மனுஷியைக் கும்பிடுகிற மாதிரி, "வாங்கம்மா, வாங்க. வந்து சேந்தீகளா?" என்றாள்.

அன்றைக்கு முதல் அந்தப் பிள்ளையை அவள் அவுக இவுக என்றுதான் சொன்னாள். அதற்கு முந்தின நாள்வரை அது இதுதான். எல்லாப் பிள்ளைக்கும் இதே கணக்கு. பிள்ளை பிறப்பது ஒரு நாள், ஆள் வருவது இன்னொரு நாள் என்பது அவளுடைய தீர்மானம். தெருவில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால், உங்க வீட்டில் ஆள் வந்தாச்சா என்று கேட்பதே ஒரு வழக்கமாகிப் போனது. பாதிக் கேலிதான். மீதிப் பாதி என்ன என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அக்கா, புருஷனை இழந்தவர், எங்களோடு இருந்தார். நல்லவர்தான், நாக்குதான் ஒரு முழம். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைக்கு ஆத்துமா இல்லையென்று சொல்ல இவள் யார் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். குளிப்பாட்டுற அக்கா கோபப்படவில்லை.

"ஆத்துமா இருக்கும்மா. யாரு இல்லைன்னா? ஆளு வரணும்ல" என்றாள்.

எங்கள் கோயிலிலும் ஒருமுறை வம்பு செய்தாள். என்னைத் தேடிக்கொண்டு மத்தியானத்தில் கோயில் வாசலுக்கு வந்தவள், பீடத்துக்கு மேலே தொங்குகிற விளக்கு ஆடுவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே யாருமில்லை. யார் ஆட்டியது என்று, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டாள். அவர் விளையாட்டாக, வானத்திலிருந்து சம்மனசு, தேவதூதர், வந்து ஆட்டிவிட்டுப் போனது என்று சொல்லிவிட்டார். மனுஷி ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை, சுற்றிக்கொண்டு போனாள். கடைசியில் கோயில்பிள்ளையே வந்து, தாயே, நான்தான் ஏணி போட்டு விளக்கைத் துடைத்தேன் என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது எனக்குப் பிள்ளை இல்லை, சிரிக்க முடிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு மகன் பிறந்தான். இரண்டு நாள் வலி. பிறந்ததும் அழவில்லை. அழவைத்துவிட்டோம் என்று நர்ஸம்மா வந்து சொன்னபோது, எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நல்ல நிறம், நல்ல கண். கால் மட்டும் அசையாது. கையும் ஏதோ பேருக்குத்தான். தூக்கினால் நனைந்த துணி மாதிரித் தோளில் தொங்குவான். பார்ப்பான், பால் குடிப்பான், தூங்குவான். டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா மூன்றாம் மாதம் சாவியைக் கட்டினாள். தினமும் எதிரே உட்கார்ந்தாள். சாவி ஒரு தரம்கூடச் சத்தம் போடவில்லை. நாலு மாதம், ஐந்து மாதம், ஏழு மாதம். மற்ற வீட்டில் ஒரு வாரம் பத்து நாள் பார்ப்பவள் எங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்தாள். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது நான் அவள் வாயையே பார்ப்பேன். "இன்னும் வரல, வாத்தியாரம்மா" என்பாள். சில நாள் அதைக்கூடச் சொல்லாமல் என் தோளைத் தொட்டுவிட்டுப் போவாள். அவளைக் கொன்றுபோடலாம் என்றுகூட எனக்கு இருந்திருக்கிறது.

ஒன்பதாம் மாதம் நாத்தனார் பேச்செடுத்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு கன்னியர் மடம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாம், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும், உனக்கும் வயசிருக்கிறது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், கழிந்த திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது என்று முடிவு சொன்னார். நான் காலைப் பிடித்து அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அதுக்குள்ள ஆளு வந்தாச்சுன்னு அந்த அக்கா வாயால சொல்லட்டும். சொன்னா, நம்ம சாகுறவரைக்கும் வச்சுப் பாப்போம்."

எனக்கு மூன்று வாரம் இருந்தது. இரண்டு வாரம் ஜெபமாலை சொன்னேன். மூன்றாவது வாரம் திருட்டு வேலை செய்தேன்.

குருத்து ஞாயிறு, பாஸ்குவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு நாடாவை அவளுக்கு முந்தி நானே கட்டினேன். ஈ மொய்க்கிறது என்று சொல்லிப் பிள்ளையின் கால்மேல் ஒரு துணியைப் போட்டேன். துணிக்கடியில் கணுக்காலில் ஒரு கறுப்பு நூல். அதன் மறுமுனை பாய்க்கடியில் வந்து, என் சேலைக்குள்ளே, என் கால் விரலில். நான் விரலை மடக்கினேன். துணி அசைந்தது, நாடா இழுபட்டது, ஆறு மாதமாக ஊமையாக இருந்த சாவிக்கொத்து குலுங்கியது. இன்னொரு தரம் மடக்கினேன். இன்னொரு தரம் குலுங்கியது.

என் வீட்டுக்காரர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். ஒரு வாத்தியார் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாத்தனார் சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா சாவியைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. என் சேலையின் கீழ்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் ஆட்டியது என்று கேட்டுவிடுவாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. கேட்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வந்தாச்சா அக்கா என்று என் வீட்டுக்காரர் பின்னாலேயே வாசல்வரை போனார். நாளைக்கு வாரேன் சார் என்று அவரிடமும் அதையே சொன்னாளாம்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் வந்தாள். நாத்தனார் கிணற்றடியில் இருந்தார். அக்கா என் எதிரே உட்கார்ந்து வலது காலை நீட்டி, பெருவிரல் தழும்பைக் காட்டினாள். அதுவரை நீங்க வாங்க என்று பேசியவள் அன்றைக்கு என்னை நீ என்றாள்.

"எனக்கும் ஒண்ணு பெறந்துச்சு, தாயி. பொம்பளப் பிள்ள. ரெண்டரை மாசம். தொட்டில்ல போட்டு, கயித்த இந்த வெரல்ல கட்டிக்கிட்டு சுருட்டு சுத்துவேன். கை பாட்டுக்குச் சுத்தும், கால் பாட்டுக்கு ஆட்டும். அன்னைக்குக் கால நிறுத்துனாக்கூட கயிறு வெரல இழுக்குது. ஒதைக்கிறா கழுதன்னு நெனச்சேன். அதுகூடப் பேசிக்கிட்டே சுத்துறேன். ஒரு கட்டு இலை முடியுற மட்டும் பேசுனேன். நான் இழுத்தா அது இழுக்குது, அது இழுத்தா நான் இழுக்குறேன்."

கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சுப் பாத்தா வெறச்சுக் கெடக்கு. காலையிலயே போயிருச்சுன்னு பாத்தவுக சொன்னாக. அம்புட்டு நேரமும் நான் ஆட்டுனதத்தான் நான் பாத்துருக்கேன். வெறுந் தொட்டில ஆட்டுனாலே ஆகாதும்பாக, நான் பொணத்த ஆட்டியிருக்கேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. பிள்ளைக்கு மூச்சு எப்போது நின்றது என்று தெரியாததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாளாம். அந்தப் பிள்ளைக்குள் ஆள் வந்துவிட்டுப் போனதா, வருவதற்கு முன்பே போய்விட்டதா என்பதுதான் அவளை இத்தனை வருஷமாகத் தூங்கவிடவில்லை. வந்து பார்த்து, உள்ளே நுழைய இடமில்லாமல் வெளியிலேயே நின்றுவிட்டால்? அதைச் சொல்லும்போது வாசல் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெயில் மட்டும்தான் இருந்தது.

"நீ இழுத்தத நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு நடந்தது ஒனக்கு நடக்கக் கூடாது. நீ ஆட்டுறதப் பாத்துக்கிட்டே கெழவியாப் போயிராத."

அன்றைக்கு அவள் சாவியை அவிழ்த்துவிட்டாள். இனிமேல் பிள்ளையைப் பார்க்கப் போவதில்லை, உன்னைத்தான் பார்க்கப் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, நேற்று நூலை இழுத்த மாதிரி நீ வேறு என்னென்ன இழுக்கிறாய் என்று தெரிய வேண்டும் என்றாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார, எதிரே அந்த மரக்கட்டை முகத்தோடு அவள் உட்கார்ந்தாள். விசிறுகிறேன், பார்க்கிறாள். நிறுத்துகிறேன், பார்க்கிறாள். பால் கொடுக்கிறேன், பக்கம் மாற்றுகிறேன், பார்க்கிறாள். ஒரு உயிருள்ள மனுஷி அப்படிப் பார்ப்பதைத் தாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் எப்படித் தாங்கினவோ.

பெரிய வெள்ளிக்கிழமை. கோயில் மணி அடிக்காத நாள், எங்கள் வீட்டில் அடுப்பும் பற்றவைக்காத நாள். தெருவே செத்துக் கிடந்தது. மத்தியானம் வந்தவள் சொன்னாள்:

"இப்ப நான் பண்ணுற மாதிரி நீ பண்ணு. என்ன ஆனாலும் அசையாத. கண்ணக்கூட அசைக்காத. நான் சொல்லுற மட்டும்."

பிள்ளையைத் தலையணையில் சாய்த்து எதிரே வைத்துவிட்டு, நான் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைக் கல்லாக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். வழக்கம்போலக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். நான் அசையவில்லை. மறுபடி மூடித் திறந்தான், இந்தத் தரம் கொஞ்சம் கூடுதல் நேரம் மூடினான். திறந்து என்னைப் பார்த்துவிட்டு, விசிறியைப் பார்த்தான். மூக்கால் 'ம்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது வந்தால் நான் அவனைத் தூக்கித் தோளில் போடுவேன். ஒன்பது மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் போடுகிறேன் என்று நான் யோசித்ததே இல்லை. என் கை அதுவாகவே எழப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். 'ம்' என்றான். நிறுத்தி, பார்த்தான். இன்னும் பலமாக 'ம்' என்றான். நிறுத்தி, பார்த்தான். கண்ணை மூடினான், திறந்தான், 'ம்' என்றான், இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தான்.

பிறகு மூச்சை நிறுத்தினான்.

முகம் சிவந்து, கறுத்து, உதடு நீலமானது. கண் மட்டும் என் மேலேயே இருந்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்திருந்தால் நான் விழுந்தடித்துத் தூக்கியிருப்பேன். பயம் இல்லை. காத்திருந்தான். கண்ணீர் என் முகத்தில் வழிந்தது, அதையும் துடைக்கவில்லை. அக்காவின் கை என் முதுகில் இருந்தது. அதற்குப் பிறகு அவன் கத்தினான் பாருங்கள், அப்படி ஒரு கத்தலை அந்த வீடு கேட்டதில்லை. அழுகை இல்லை அது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத வேலைக்காரியைத் திட்டுகிற கத்தல். கிணற்றடியிலிருந்து நாத்தனாரும் உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரரும் ஓடி வந்தார்கள்.

அக்கா அவர்களுக்கு நடுவில் எழுந்து நின்று கை கூப்பினாள்.

"வாங்கய்யா. வாங்க. வந்து ரொம்ப நாளாச்சு போல. நாங்கதான் பாக்காம விட்டுட்டோம்."

திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகும்போது அக்கா என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள். சாவிக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை, இவர் கட்டியிருக்கிற நாடா உன் மேலே இருக்கிறது, பிறந்ததிலிருந்து உன்னைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள். சந்தோஷமாகச் சொல்கிறாளா, எச்சரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். புகையிலை வாசனை அடித்தது.

என் மகன் நடக்கவில்லை. கை ஓரளவுக்கு வந்தது. மூன்று வயதுக்குள் பேச்சு அட்சர சுத்தமாக வந்துவிட்டது, ஆனால் அதை அவன் அதிகம் செலவழிப்பதில்லை. செலவழிக்கத் தேவையிருக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கண் பானைப் பக்கம் போனால் நான் தண்ணீரோடு வந்து நிற்பேன். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் நாத்தனார், அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். ஏன் எழுந்தேன், யார் சாத்தச் சொன்னது என்று பிறகு அவரே கேட்டுக்கொள்வார். தெருப் பிள்ளைகள் பம்பரத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டு, திருப்பிக் கேட்கத் தெரியாமல் நிற்கும். வகுப்பில் ஐம்பது பையன்களை மேய்க்கிற என் வீட்டுக்காரர், எங்கள் வீட்டுக்கு நான் தலைமையாசிரியர் இல்லை என்று சிரிப்பார். எனக்கு அதில் பாதி பெருமை. மீதிப் பாதியைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அக்கா அவனைப் பார்க்க எப்போதாவது வருவாள். அவனை அய்யா என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை ஏவியதில்லை. அவள் ஒருத்திதான் அவன் கண்ணுக்கு அசையாதவள். அவன் பார்க்கப் பார்க்க அவள் சும்மா இருப்பாள். இரண்டு பேரும் அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் காய்கறி நறுக்கக் கை ஓடாது.

அவனுக்கு ஏழு வயது முடிந்திருந்த சமயம். பகல் மூன்று மணி இருக்கும். வந்தாள், உட்கார்ந்தாள். மெலிந்து போயிருந்தாள். அன்றைக்கு ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, நான் பக்கத்தில் இருப்பதையும் பார்க்காமல், அவனிடம் கேட்டாள்.

"அய்யா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மத்தவுகளுக்கெல்லாம் வந்த வழி மறந்துரும். நீங்க வந்து ரொம்ப நாளு வாசல்ல நின்னவுக. நிக்கிறப்ப, வெளியில வேற பிள்ள ஏதும் நின்னுச்சா? பொம்பளப் பிள்ள."

அந்தப் பிள்ளையின் கதையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியல" என்றான்.

அவள் முகம் அப்படியே இருந்தது. பழைய மரக்கட்டை முகம். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நின்னுச்சு" என்றான்.

ஏழு வருஷமாக அவன் எவ்வளவு பார்த்தும் அசையாத அந்த முகம் அசைந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது, தாடை நடுங்கியது, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். என் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுகை மெதுவாக அடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதுவரைக்கும் பொறுத்திருந்தான்.

"இப்பயும் நிக்குது" என்றான்.

அவள் எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் அந்த வெயிலில் தெருவில் இறங்கி நடந்தாள். நான் அக்கா, அக்கா என்று வாசல்வரை ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் குளிப்பாட்டப் போகவில்லை. தன் குடிசைக் கதவை மழையிலும் வெயிலிலும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதாக, கூப்பிடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். முகம் சந்தோஷமாக இருந்தது என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்கு வாசலிலிருந்து திரும்பி வந்து என் மகன் முன்னால் நின்றேன். ஏன்டா அப்படிச் சொன்னாய், நீ என்னத்தைக் கண்டாய் என்று கேட்டேன். அவன் கண் இன்னும் அவள் போன தெருவிலேயே இருந்தது. மறைக்கவெல்லாம் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான்.

"சொன்னா அவுக என்ன செய்வாகன்னு பாத்தேன்மா."

பிறந்ததிலிருந்து அவன்மேல் ஒரு அடி வைக்காதவள், கையை ஓங்கிவிட்டேன். அவன் தெருவிலிருந்து கண்ணைத் திருப்பி, என் கையைப் பார்த்தான். கை இறங்கியது. நான்தான் இறக்கினேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.